சிங்கப்பூரில் ஐந்து நாள்: அம்மா சைவம், நான் வீகன்

கொங்குப்பெண்:

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு ஐந்து நாள் சிங்கப்பூர் வருகிறேன். இரண்டு பேருக்குமே இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். விடுதி சிராங்கூன் சாலைக்கு அருகில், லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். தேக்கா என்று தமிழர்கள் சொல்கிற பகுதி.

சாப்பாடுதான் யோசனையாக இருக்கிறது. நான் இரண்டு வருடமாக வீகன். பால், தயிர், நெய், தேன் எதுவும் தொடுவதில்லை. அம்மா பிறவிச் சைவம். கறி, மீன் வேகிற அடுப்படிப் பக்கம் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஆனால் விடிந்ததும் பால் காபி வேண்டும், ராத்திரி தயிர்ச்சோறு வேண்டும். அவர் சாப்பிடுகிற கடையில் எனக்கு ஒன்றும் இருக்காது, எனக்குக் கிடைக்கிற கடைக்குள் அவர் வரமாட்டார் என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பெரியப்பாவிடம் சொன்னால், "தேக்காவிலேயே தங்குகிறாய், அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன கவலை" என்கிறார். அது சரிதானா?

சுற்றிப் பார்ப்பது பற்றியும் சொல்லுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி அதிகம் ஆகாது. கோயில், பூங்கா என்றால் பிடிக்கும். உயிரியல் பூங்கா மட்டும் வேண்டாம். கூண்டோ அகழியோ, அடைத்து வைத்த உயிரைக் காசு கொடுத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

தேக்காவாசி:

வாங்கம்மா. பெரியப்பா சொன்னது பாதி சரி. அம்மாவுக்கு ஒரு கவலையும் இல்லை. பசியோடு திரியப் போவது நீங்கள்தான்.

இந்தப் பக்கம் சைவ உணவகத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஆனந்த பவன் 1924-இல் வந்தது, கோமள விலாஸ் 1947-இல். அப்புறம் தமிழ்நாட்டுக் கடைகளின் கிளைகள், வடநாட்டுச் சாப்பாட்டுக் கடைகள். ஆனால் நம் சைவம் நிற்பதே மாட்டின் முதுகில்தானே. பொங்கலில் நெய், கேசரியில் நெய், குருமாவில் தயிரோ கிரீமோ, நாண் மாவில் தயிர், மசால் தோசையின் மேல் கேட்காமலே ஒரு கரண்டி நெய். சாப்பாட்டுத் தட்டில் கிண்ணத்தை எண்ணிப் பாருங்கள்: மோர்க்குழம்பு, பச்சடி, தயிர், பாயசம். நாலு போய்விடும்.

தேறுவது இட்லி, எண்ணெயில் வார்த்த சாதா தோசை, சாம்பார், ரசம், பொரியல், பூரி, வடை. அதிலும் தயிர்வடைக்குப் பக்கத்தில் ஊறின சாம்பார்வடையைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பரோட்டா வேண்டாம். மாவில் நெய், பால், முட்டை என்று கடைக்குக் கடை எதையாவது சேர்ப்பார்கள்.

ஒரே ஒரு சூட்சுமம் சொல்கிறேன். "நான் வீகன்" என்று சொல்லாதீர்கள். கடைத்தம்பி காதில் அது "வெஜ்" என்றுதான் விழும். "எல்லாமே வெஜ்தான்க்கா" என்று சிரித்துக்கொண்டே நெய் ரோஸ்ட் கொண்டுவந்து வைப்பார். பால், தயிர், நெய், வெண்ணெய், பன்னீர் ஆகாது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். ஒவ்வாமை என்று சொன்னால் இன்னும் கவனமாகச் செய்வார்கள்.

ஈசூன் மாமி:

கண்ணு, நான் 31 வருஷமாக இங்கே இருக்கிறேன். ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. ஐந்து நாளைக்கு ஒரு கரண்டி தயிர் சாப்பிட்டால் குடியா முழுகிவிடும்? ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் அம்மாவையும் அலைக்கழித்து நீயும் அலையாதே. ஆபத்துக்குப் பாவமில்லை என்றுதான் பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

முடியாது என்றால் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி கட்டிக்கொண்டு வா. வெறும் சோறு எங்கேயும் கிடைக்கும். ஆனால் கசகசா சேர்த்த எதையும் கொண்டு வந்துவிடாதே. இங்கே அதற்குக் கட்டுப்பாடு உண்டு, விமான நிலையத்தில் வீண் வம்பு. பபிள் கம்மும் கூடாது, 1992-லிருந்தே தடை.

நனிசைவன்:

மாமி, தயிர்ச்சோறு ஆபத்துக் கணக்கில் எப்படி வரும்?

கொங்குப்பெண், நான் ஏழு வருடமாக வீகன். பிறந்து வளர்ந்தது இங்கேதான். இந்த ஊரில் எனக்கு மிகக் கஷ்டமான இடம் நம் தேக்காதான். சுலபமான இடம் சீனச் சைவக் கடை. இதைச் சொன்னால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள்.

காரணம் ரொம்ப எளிது. சீனச் சமையலில் பாலுக்கு இடமே இல்லை. நாம் பன்னீர் போடுகிற இடத்தில் அவர்கள் சோயாவில் செய்த டோஃபு போடுவார்கள். தாளிப்பது எண்ணெயில். புத்தமத விரதக்காரர்களுக்காக நடக்கும் கடைகளில் மீன் சாறுகூட இருக்காது. அவர்கள் ஒதுக்குகிற ஐந்து காட்டமான பொருள்களில் வெங்காயம், பூண்டு வகைகள் எல்லாம் வரும். ஐந்தாவது எது தெரியுமா? பெருங்காயம்! நம் வீட்டு விரதச் சமையலுக்கு உயிர் கொடுப்பதே அதுதான்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, போலி இறைச்சி. பெரும்பாலும் கோதுமைப் பசை, சோயா, காளான் இவற்றில் செய்வார்கள். ஆனால் சிலவற்றில் முட்டை வெள்ளையோ பால்புரதமோ சேர்ப்பது உண்டு. மீன், இறால் வடிவத்தில் இருப்பதைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். இரண்டு, சில சைவக் கடைகளில் முட்டை உண்டு.

மிடில் ரோட்டில் ஃபார்ச்சூன் சென்டர் என்று ஒரு பழைய கட்டடம். உள்ளே வரிசையாகச் சைவ உணவுக் கடைகள். இறைச்சி வேகாத கடையாகப் பார்த்து அம்மாவையும் உட்கார வைக்கலாம். உங்கள் சிக்கலுக்கு இந்த ஊரில் எனக்குத் தெரிந்த நேரான விடை அதுதான். பக்கத்துத் தெரு வாட்டர்லூ ஸ்ட்ரீட். அங்கே 1884-இல் எழுந்த, குவான் இம் என்கிற சீனத் தெய்வத்தின் கோயில், அதை ஒட்டியே 1870-இல் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணன் கோயில். குவான் இம்மைக் கும்பிட்டு வருகிற சீனர்கள் அப்படியே கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றுவார்கள். அம்மாவை முதல் நாளே அங்கே கூட்டிப் போங்கள்.

சீன நாள்காட்டியில் மாதத்தின் 1-ஆம் நாளும் 15-ஆம் நாளும் பல சீனர்கள் சைவம் சாப்பிடுவார்கள். நம் கணக்கில் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வரும். அன்று சைவக் கடைகளில் கூட்டம் அள்ளும். மதியம் 12 மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.

அப்புறம், தேக்காவாசி அண்ணா, ஒவ்வாமை என்று பொய் சொல்லச் சொல்லாதீர்கள். நிஜமாகவே ஒவ்வாமை உள்ளவர் நாளைக்கு வந்து சொன்னால் எவன் நம்புவான்?

தேக்காவாசி:

தம்பி, நீ சொல்வது நியாயம். ஆனால் மதியம் ஒரு மணிக்கு 40 பேர் வரிசையில் நிற்கும்போது கல்லாக்காரரிடம் உயிரறம் விளக்கிப் பார்.

துவாஸ் செல்வம்:

அக்கா, நான் கப்பல் பட்டறையில் வேலை. செவ்வாய், வெள்ளி மட்டும் சைவம். என் கதையைக் கேளுங்கள், உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

வந்த புதிதில் வெள்ளிக்கிழமை தோறும் கோப்பிக்கடையில் சோறும் கங்கோங் கீரையும் வாங்குவேன். கீரைதானே! காரமாக, மணமாக அப்படி ஒரு ருசி. ஆறு மாதம் கழித்துக் கூட வேலை செய்யும் மலாய்க்கார அண்ணன் பார்த்துவிட்டு, "டேய், இதில் பெலாச்சான் இருக்கே" என்றார். இறாலை உப்புப் போட்டுப் புளிக்க வைத்து அரைத்த விழுது. ஆறு மாத விரதமும் கடலோடு போச்சு.

அதனால் இங்கே பச்சையாகக் கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் சைவம் என்று நம்பாதீர்கள். சம்பால் என்கிற மிளகாய்த் துவையலில் பெலாச்சான். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றில் இக்கான் பிலிஸ் என்கிற நெத்திலி. சீனக் கடைக் கீரையில் சிப்பிச் சாறு. லக்சா என்கிற நூடுல்ஸ் குழம்பில் காய்ந்த இறால். காய் வைத்துச் சுருட்டிய போப்பியாவிலும் அது இருக்கலாம். கேரட் கேக் என்று பெயர் இருக்கும். கேரட்டும் கிடையாது, கேக்கும் கிடையாது, முள்ளங்கியும் முட்டையும்தான்.

எனக்குப் பிடித்தது சைவ பீஹூன் கடை. நம் அரிசிச் சேமியாதான். வறுத்த பீஹூனும் மேலே முட்டைகோஸ், டோஃபுத் தோல் வறுவலும். நாலைந்து வெள்ளிக்குள், அதாவது சிங்கப்பூர் டாலருக்குள், வயிறு நிறையும். காலையிலேயே திறந்துவிடுவார்கள், பசியாறுவதற்கு அதைவிட ஒன்றும் வேண்டாம்.

ஆண்ட்டிகளிடம் பேச மூன்று வரி போதும். "வோ ச்சீ சூ" என்றால் நான் சைவம் சாப்பிடுகிறேன். "பூ யாவ் தான்", முட்டை வேண்டாம். "பூ யாவ் நியூ நாய்", மாட்டுப்பால் வேண்டாம். ஆமாம், சீனத்தில் நாய் என்றால் பால். சிரிக்காமல் சொல்லிப் பழகிக்கொண்டு வாருங்கள்.

டீ வேண்டும் என்றால் "தே ஓ" என்று கேளுங்கள். வெறும் டீ என்றால் டின் பால் ஊற்றித்தான் வரும். "தே சி" என்றாலும் பால்தான், அது வேறு டின். சர்க்கரையும் வேண்டாம் என்றால் "தே ஓ கோசோங்".

நனிசைவன்:

செல்வம் அண்ணன் சொன்னதோடு ஒன்று. "கோப்பி ஓ" பால் இல்லாத காபிதான். ஆனால் இங்கத்துப் பழைய முறையில் கொட்டையை வறுக்கும்போதே சர்க்கரையும் மார்ஜரினும் சேர்ப்பார்கள், சில இடங்களில் வெண்ணெய். அந்தக் கறுப்பும் மணமும் அதனால்தான். நான் குடிப்பதில்லை. இதெல்லாம் அவரவர் எங்கே கோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

சும்மா வந்தேன்:

மாட்டை வணங்குகிற நாட்டிலிருந்து வந்து பால் வேண்டாமாம். கறக்காமல் விட்டால் மாட்டுக்குத்தான் மடி கட்டும். இதெல்லாம் வெள்ளைக்காரன் விற்கிற மோஸ்தர். பால்குடம் எடுக்கிற தைப்பூசத்துக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?

நனிசைவன்:

நான் வருடா வருடம் தைப்பூசத்துக்கு நடக்கிறேன், பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும். காவடிக்குப் பின்னால். யாருடைய குடத்தையும் பிடுங்கியதில்லை. கன்றைப் பிரித்துவிட்டு மடி கட்டுகிறதே என்று வருத்தப்படுவது வேடிக்கைதான். அதை இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம். இந்தப் பெண் வழி கேட்டு வந்திருக்கிறார்.

நெறியாளர்:

சரி, இதோடு விடுங்கள். பயணம், சாப்பாடு மட்டும். அடுத்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

கேலாங் சிராய் மருமகள்:

யாரும் மலாய்ப் பலகாரத்தைச் சொல்லவில்லையே! நாங்கள் தமிழ் முஸ்லிம் குடும்பம், நான் வாழ்க்கைப்பட்டது மலாய் வீட்டில். மாமியார் கைப்பக்குவத்தில் பாதி உங்களுக்கு ஒத்துவரும். தேங்காய்ப்பால் இருக்கும் இடத்தில் மாட்டுப்பாலுக்கு என்ன வேலை?

ஒன்டே ஒன்டே: பச்சை நிறத்தில் சின்ன உருண்டை, உள்ளே குலா மெலாக்கா என்கிற தென்னைவெல்லம், மேலே தேங்காய்ப்பூ. வாயில் போட்டுக் கடித்தால் வெல்லம் பீறிட்டு அடிக்கும். வாயை மூடிக்கொண்டு கடியுங்கள், என் புடவை ஒன்று அப்படித்தான் போனது. புத்து பிரிங், நம் புட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. புத்து மாயாம் என்று விற்பது நம் இடியாப்பமேதான், ஆரஞ்சு நிறச் சர்க்கரையும் தேங்காயும் வைத்துத் தருவார்கள். செண்டோலும் பெரும்பாலும் தேங்காய்ப்பால், வெல்லம்தான். ஐஸ் கச்சாங் என்கிற ஐஸ் துருவல் இனிப்பில் டின் பால் ஊற்றுவார்கள், முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காயா ரொட்டி, அதாவது தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டி, பச்சையாக, பாண்டான் இலை மணத்தோடு இருக்கும். ஏமாறாதீர்கள். காயாவில் முட்டை உண்டு.

சாப்பாட்டில் கவனம். லொந்தோங் என்கிற அரிசிக் கட்டிக்கு ஊற்றும் குழம்பு காய்கறியாகத்தான் தெரியும், காய்ந்த இறால் அரைத்திருப்பார்கள். காடோ காடோ என்கிற காய்க்கலவையின் கடலைக் குழம்பிலும் பெலாச்சான் இருக்கலாம், மேலே முட்டை வேறு. ரோஜாக் என்கிற பழம், காய்க் கலவையின் கறுப்புக் குழம்பு இறாலில் செய்தது. தெம்பே மட்டும் என் தங்கம். சோயாவைப் புளிக்க வைத்துக் கட்டியாக்கியது. வறுத்தால் நம் வீட்டு வாழைக்காய் வறுவல் தோற்கும்.

"தா மாவு சூசூ" என்றால் பால் வேண்டாம். "தா மாவு தெலூர்", முட்டை வேண்டாம். "அடா பெலாச்சான்?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். உங்கள் அம்மா அந்தக் கடைகளுக்கு வரமாட்டார், தெரியும். பலகாரத்தை மட்டும் பொட்டலமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் எம்ஆர்டிக்குள் பொட்டலத்தைப் பிரித்துவிடாதீர்கள். ரயிலில் சாப்பிட்டால், குடித்தால் அபராதம் 500 வெள்ளி வரைக்கும் போகும்.

கொங்குப்பெண்:

இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், ரொம்ப நன்றி. அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ஈசூன் மாமியை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது! போலி இறைச்சி பற்றி மட்டும், "வாத்து மாதிரி இருந்தால் அது எனக்கு வாத்துதான்" என்று சொல்லிவிட்டார்.

கோயிலில் பிரசாதம் கொடுத்தால் என்ன செய்வது என்று யோசிக்கிறேன். வேண்டாம் என்றால் அம்மா முகம் சுருங்கும்.

ஈசூன் மாமி:

இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்மா கையில் கொடு. பிரசாதத்தை மறுக்கக் கூடாதே தவிர, பகிரக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. முன்னே நான் எழுதியதற்கு மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. தயிர் இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது, அதனால் சொன்னேன்.

தேக்காவாசி:

சுற்றிப் பார்க்க நீல வழித்தடம் ஒன்றே போதும், டவுன்டவுன் ரயில் பாதை. நீங்கள் ஏறுவது லிட்டில் இந்தியா. மூன்றாவது நிறுத்தம் தாவரவியல் பூங்கா. எதிர்ப்பக்கம் போனால் அடுத்த நிறுத்தமே ரோச்சோர், அங்கிருந்து நடந்தால் நனிசைவன் சொன்ன வாட்டர்லூ ஸ்ட்ரீட். இன்னும் மூன்று தள்ளி பேஃபிரண்ட், கரையோரப் பூந்தோட்டம் (கார்டன்ஸ் பை த பே). அதே வண்டியில் சைனாடவுன். நிலையங்களில் மின்தூக்கி உண்டு, அம்மா படி ஏற வேண்டாம். தமிழ்ப் பலகையும் இருக்கும், அவரே படித்துக்கொள்வார்.

தாவரவியல் பூங்கா 1859-இல் தொடங்கியது, 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. காலை 5 மணிக்கே திறந்துவிடும், நுழைவு இலவசம். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். 5 வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் ஒரு மரம் இருக்கும், தெம்புசு. அந்த மரம் அங்கேதான் நிற்கிறது. நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தேடச் சொல்லுங்கள், அம்மாவுக்கு முழங்கால் வலி மறந்துபோகும்.

சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் சாலை. 1827-இல் எழுந்த மாரியம்மன் கோயில், சில அடி தள்ளித் தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் கட்டிய ஜாமே பள்ளிவாசல், இன்னும் கொஞ்சம் நடந்தால் 2007-இல் திறந்த புத்தர் பல் கோயில். அந்தக் கோயிலின் அடித்தளத்தில் சைவ உணவுக்கூடம் இருக்கிறது. எதிரில் இருக்கும் மேக்ஸ்வெல் உணவங்காடிக்கு அம்மா வரமாட்டார், விட்டுவிடுங்கள்.

கரையோரப் பூந்தோட்டத்தில் மரம் மாதிரி உயரமாக நிற்கும் இரும்புக் கோபுரங்களின் ஒளிக்காட்சி இரவு 7.45-க்கும் 8.45-க்கும். காசு கிடையாது. கண்ணாடி மாளிகைகளுக்குத்தான் சீட்டு.

நனிசைவன்:

விலங்கு பார்க்க வேண்டும் என்றால் அடைக்காததைப் பார்க்கலாம். பிஷான்–அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆறு ஓடுகிறது. ஒரு காலத்தில் சிமெண்டுக் கால்வாய். அதை உடைத்து 2012-இல் புல்லும் கல்லுமாகப் பழைய ஆறாக்கினார்கள். நீர்நாய்க் குடும்பங்கள் வந்து போகும். விடிகாலை போனால் வாய்ப்பு அதிகம், உறுதி கிடையாது. இருவாச்சி பார்க்க ஆசை என்றால் சாங்கிப் பக்கம், உபின் தீவு. படகில் 12 பேர் சேர்ந்ததும் கிளம்புவார்கள். ஆனால் படகில் ஏறி இறங்குவது அம்மாவின் காலுக்குச் சிரமம். மெக்ரிச்சி காட்டின் தொங்குபாலமும் அப்படித்தான், போகிற வழியெல்லாம் படி. எந்த விலங்குக்கும் தீனி போடாதீர்கள், சட்டப்படி குற்றம்.

விமானத்தில் சாப்பாடு சொல்லிவிட்டீர்களா?

கொங்குப்பெண்:

சொல்லிவிட்டேன், இந்தியச் சைவ உணவு.

நனிசைவன்:

ஐயோ. விமான நிறுவனங்களின் குறியீட்டில் அது ஏவிஎம்எல் (AVML). அதில் பால், பன்னீர் எல்லாம் வரும். உங்களுக்கு வேண்டியது விஜிஎம்எல் (VGML), வீகன் உணவு. புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பாக மாற்றச் சொல்லுங்கள்.

துவாஸ் செல்வம்:

அக்கா, போய்வந்து எழுதுங்கள். நிறைய பேர் கேட்டுவிட்டு அப்படியே காணாமல் போய்விடுகிறார்கள்.

கொங்குப்பெண்:

செல்வம் தம்பிக்குப் பயந்தே எழுதுகிறேன். ஊர் வந்து நாலு நாள் ஆகிறது.

விமான உணவை மாற்ற மறந்துவிட்டேன். திறந்தால் பன்னீர் பட்டர் மசாலா, பக்கத்தில் தயிர், பக்கத்தில் பால்கோவா. அம்மா இரண்டு தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஊறுகாய்ப் பொட்டலத்தை மட்டும் எனக்குக் கொடுத்தார். திரும்பி வரும்போது விஜிஎம்எல் சொன்னேன், பழமும் கொண்டைக்கடலையும் வந்தது.

முதல் நாள் இரவு தேக்காவில் ஒரு உணவகம், பெயர் வேண்டாம். தேக்காவாசி அண்ணன் சொன்னபடி ஒவ்வொன்றாகச் சொன்னேன். பால் கூடாது, தயிர் கூடாது, நெய் கூடாது. தம்பி தலையை ஆட்டிக்கொண்டு போனார். தோசை பளபளவென்று வந்தது. "நெய்யா தம்பி?" என்றேன். "நெய் இல்லக்கா, வெண்ணெய்தான்" என்றார். வெண்ணெயைச் சொல்ல விட்டுவிட்டேன்!

அன்றைக்கு நான் அழுதுவிடுவேன் போல இருந்தேன். பசி, அலைச்சல். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை வேறு கடையில் நான் வாயைத் திறப்பதற்குள் அவரே எழுந்து போய், "கல்லைத் துடைச்சிட்டு நல்லெண்ணெயில வார்த்துக் குடுப்பா, எம்பொண்ணுக்கு வெண்ணெய் வாடையே ஆகாது" என்றார். அதற்கப்புறம் கடைசி நாள் வரைக்கும் அவர்தான் பேசினார். எனக்கு வேலையே இல்லை. ஒவ்வாமையா, கொள்கையா என்று யாரும் கேட்கவுமில்லை. ஒரு அம்மா வந்து சொன்னால் சமையல்கட்டில் கேட்கிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டதற்கு என் விடை இது.

வாட்டர்லூ ஸ்ட்ரீட்டைப் பற்றி எழுத ஒரு பக்கம் போதாது. கிருஷ்ணன் கோயில் வாசலில் ஒரு சீனப் பாட்டி ஊதுபத்தியோடு கும்பிட்டுக்கொண்டு நின்றார். அம்மா அவர் முடிக்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டுத்தான் உள்ளே போனார். உள்ளே சர்க்கரைப் பொங்கல் கிடைத்தது. மாமி சொன்னபடியே கண்ணில் ஒற்றி அம்மா கையில் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டார்.

அப்புறம் ஃபார்ச்சூன் சென்டர். முதல் கடையில் கண்ணாடிக்குள் சிவப்பாக வறுத்து அடுக்கியிருந்ததைப் பார்த்ததும் அம்மா திரும்பி நடந்தார். அடுத்த கடையில் அப்படி ஒன்றும் கண்ணில் படவில்லை. நான் இடிதேநீர்ச் சோறு வாங்கினேன், லெய் சா. அரிசிச் சோற்றின் மேல் ஐந்தாறு காய், வறுத்த கடலை, டோஃபு. தனிக் கிண்ணத்தில் தேயிலை, துளசி, புதினா எல்லாம் அரைத்துக் கரைத்த பச்சைச் சாறு. நெத்திலி போடும் கடைகளும் உண்டாம், சைவக் கடையில் அந்தக் கவலை இல்லை. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "கொத்தமல்லித் துவையலைச் சுடுதண்ணியில கரைச்ச மாதிரி இருக்கு" என்றார். பாராட்டா என்று தெரியவில்லை. ஆனால் அவருடைய தட்டில் இருந்த பீன்ஸையும் முட்டைகோஸையும் முழுக்கச் சாப்பிட்டார். வெங்காயம், பூண்டு இல்லை என்று நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டு, "அமாவாசைச் சமையல்" என்றார். அதன் பிறகு மூன்று மதியம் அங்கேதான். நான் கூப்பிடவே இல்லை, அவரே கிளம்பினார்.

தெம்புசு மரத்தைக் கண்டுபிடித்தோம். நோட்டையும் மரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "படத்துல கொஞ்சம் இளைச்சிருக்கு" என்றார். போகிற வழியில் ஒரு பெரிய உடும்பு நிதானமாகப் பாதையைக் கடந்தது. எல்லோரும் நின்று வழி விட்டார்கள். நான் இந்தப் பயணத்தில் பார்த்த ஒரே பெரிய விலங்கு அதுதான். நீர்நாய்க்காகப் பிஷானுக்கு விடிகாலை போய் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். ஒரு கொக்கு வந்தது, போனது.

கேலாங் சிராய் அக்கா, ஒன்டே ஒன்டேயை வாயை மூடித்தான் கடித்தேன். தெம்பே கிடைக்கவில்லை, நேரம் இல்லை. புத்து மாயாம் தேக்கா அங்காடியில் பொட்டலமாக வாங்கினேன். அம்மா இறைச்சி வாடைக்கு உள்ளே வரவில்லை, வெளியே பூக்கடையில் நின்று விலை கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு முழம் மல்லிகைக்கு அங்கே வாங்கும் விலையைக் கேட்டு இன்னும் புலம்புகிறார்.

ஒளிக்காட்சி நன்றாகத்தான் இருந்தது. கழுத்து வலிக்கிறது என்று மற்றவர்களைப் பார்த்து நாங்களும் தரையில் படுத்துவிட்டோம். அம்மா வெளியிடத்தில் தரையில் படுத்து நான் பார்த்ததே இல்லை.

துவாஸ் செல்வம்:

நியூ நாய் சொன்னீர்களா?

கொங்குப்பெண்:

சொன்னேன். அம்மா சிரித்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டார். அந்த ஆண்ட்டி புரியாமல் தானும் சிரித்தார். முட்டை மட்டும் வராமல் தப்பித்தேன்.

ஈசூன் மாமி:

அம்மாவின் காபி என்ன ஆயிற்று? உன் சகவாசத்தில் அவரும் விட்டுவிட்டாரா?

கொங்குப்பெண்:

இல்லை மாமி. ஐந்து நாளும் காலை ஆறரைக்கு டபரா செட்டில் பால் காபி, பக்கத்தில் எனக்கு ஒரு தே ஓ. இரவு தயிர்ச்சோறும் தவறவில்லை. அடுத்த தடவை வரும்போது உங்களை வந்து பார்ப்பாராம்.